களத்தில் காயவைத்த தலை

“அங்கிள், ஸ்னோ!” என்று கத்தியது அந்தக் குழந்தை.

ஏற்காட்டில் மூட்டம் உண்டு, மழை உண்டு, விரல் மரத்துப்போகும் மார்கழிக் குளிர் உண்டு. வெண்பனி பொழிந்ததாக மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குப் பொழிந்தது. பொழிந்த இடம், எங்கள் எஸ்டேட்டில் விருந்தாளிகள் காபி ருசிபார்க்கும் மேஜை. பொழிந்த வானம், என் தலை.

நாலைந்து வருஷம் இருக்கும். காபிப் பழம் சிவக்க ஆரம்பித்திருந்த கார்த்திகை மாதம்.

கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் ஆள் வந்ததா என்று பேர் கூப்பிட்டு எழுதுவது, பறித்த பழத்தை நிறுப்பது, உரித்த காபிக்கொட்டையைக் களத்தில் காயவைப்பது. இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகு பத்திரிகைக்கும் ரைட்டர் ஆகிவிட்டேன். இரண்டு இடத்திலும் கையெழுத்து புரியவில்லை என்று ஒரே புகார்தான் வருகிறது.

முதலாளியின் மகள் நிவேதா மேடம் பட்டணத்திலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் ஒரு புது ஏற்பாடு செய்தார். சனி ஞாயிறுகளில் சுற்றுலா வருகிறவர்களைத் தோட்டத்தில் நடக்கவிட்டு, செடி முதல் கோப்பை வரை காட்டுவது. சுற்றிக்காட்டுகிற வேலை எனக்கு வந்தது. தகுதி ஒன்றே ஒன்றுதான்: வாய்.

இருபது வருஷம் நான் காலையில் பேர் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. இப்போது வெளியூர்க்காரர்கள் இருபது பேர் என்னைச் சுற்றி நின்று, நான் சொல்கிற அரதப்பழசான நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தார்கள். கடைசியில் கைதட்டவும் செய்தார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு நான் அடிமையாகிவிட்டேன். வெள்ளிக்கிழமையே சனிக்கிழமைக்கான சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சி எப்போதும் ஒன்றுதான். வெள்ளைத் தட்டில் கருகருவென்று அப்போது அரைத்த காபித்தூள். அதற்கு முன்னால் நின்று, தலையிலிருந்த குரங்குக் குல்லாயை மேஜிக்காரன் மாதிரி உருவி, இடுப்பு வரை குனிந்து ஒரு வணக்கம்.

அன்றும் உருவினேன். குனிந்தேன். கறுப்புத் தூளின் மேல் வெள்ளை வெள்ளையாக இறங்கியது.

குழந்தை கைதட்டியது. அதன் அம்மா கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தார். டக். பக்கத்தில் நின்றவர் வைத்தார். டக். அப்புறம் வரிசையாக டக், டக், டக். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேடம் சொன்னது

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பொங்கல் லீவுக்கு நாலு நாளும் புக்கிங் ஃபுல். அதுக்குள்ள தலையைச் சரி பண்ணிடுங்க.”

“குல்லாயைக் கழட்டாம இருந்துக்கறனுங்க மேடம்.”

அவர் பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். போன வாரம் வந்த ஒருவர் எழுதியிருந்தார்: ‘இடம் அருமை. வழிகாட்டி நகைச்சுவையாகப் பேசினார். ஆனால் அவர் அருகில் நின்றதால் காபியின் வாசனை தெரியவில்லை.’

“அதுவரைக்கும் மேஜையை நான் பார்த்துக்கறேன். சரியாகலேன்னா பொங்கலுக்கு மாணிக்கம் சுத்திக்காட்டட்டும் அண்ணா. நல்லாப் பண்ணினா அப்படியே அவரே பார்த்துக்கட்டும். நீங்க பழம் உரிக்கிற மெஷின் கொட்டாய்க்குப் போயிடுங்க.”

மாணிக்கம் எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர். தங்கமான மனுஷன். ஆனால் அவன் பேச ஆரம்பித்தால் காபிச்செடியே கொட்டாவி விடும். அவனிடம் போய் என் இருபது பேரை, என் வணக்கத்தை, என் கைத்தட்டலைக் கொடுப்பதா? உரிக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் நான் என்ன ஜோக் சொன்னாலும் யார் காதில் விழும்?

பொங்கலுக்கு எட்டு வாரம் இருந்தது.

தலையின் பூகோளம்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் ஊருக்கு வரவேண்டும். அத்தனை கொண்டை ஊசியைப் பாதையில் வைத்துக்கொண்டு என் தலையில் ஒன்றைக்கூடக் குத்த இடமில்லாமல் செய்துவிட்டது இந்த மலை.

ஒரு காலத்தில் அடர்த்திதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் தலையில் சீப்பு உடைந்திருக்கிறது. முப்பதைத் தாண்டியதும் நெற்றி மெல்ல ஏறியது. நாற்பதில் உச்சந்தலையில் ஒரு வெட்டவெளி உண்டாயிற்று. வெயிலடிக்கிற நாளில் அதன்மேல் ஏறி நின்றால் சேலம் தெரியும்.

மிச்சமிருந்ததுதான் பிரச்சினை. அரித்தது. சொறிந்தால் நகக்கண்ணில் மாவு. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. கறுப்புச் சட்டை போடுவதையே விட்டுவிட்டேன்.

குல்லாயைப் பற்றியும் சொல்லவேண்டும். பழுப்பு நிறக் கம்பளிக் குல்லாய். ஆனி மாதம் ஏறினால் மாசியில்தான் இறங்கும். என் மனைவி மல்லிகா அதைக் கரடி என்பாள். “கரடி எங்கீங்க? கரடியைத் தொவைக்கப் போடுங்க” என்று கத்துவாள். நான் போடமாட்டேன். துவைத்தால் காய நாலு நாள் ஆகும். நாலு நாள் என் காது என்ன பாவம் செய்தது?

விடிய ஐந்தரைக்குச் சுடுதண்ணீரில் தலைக்குக் குளியல். துண்டால் இரண்டு தேய்ப்பு. உள்ளங்கை நிறைய எண்ணெய். அதன்மேல் கரடி. மஞ்சக்குட்டையில் ஷேர் ஜீப்பைப் பிடித்தால் ஏழு மணிக்குப் பேர் கூப்பிடலாம். இருபது வருஷமாக இதுதான் என் காலை. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு எண்ணெயும் ஒரு வெங்காயமும்

ஒருவனுக்குத் தலையில் கோளாறு என்று தெரிந்தால் ஊரே மருத்துவர் ஆகிவிடும்.

மச்சினன் சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு தேய்க்கச் சொன்னான். தேய்த்தேன். நன்றாக இறங்கட்டும் என்று கழுவாமலே கரடியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். இரண்டு திருப்பம் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்க, யாராச்சும் பிரியாணிப் பொட்டலம் வெச்சிருக்கீங்களா? சீட்டுல ஒழுகுதான்னு பாருங்க.”

பின்சீட்டில் ஒரு பெண் குரல் சொன்னது: “பிரியாணி இல்லீங்க. நம்ம ரைட்டரு தலைங்க.”

பச்சை மிளகைத் தட்டி வைத்தால் ரத்த ஓட்டம் பெருகும் என்றார் வாழவந்தி கிராமத்துக்காரர் ஒருவர். ஓட்டம் பெருகியது உண்மை. மிளகு வைத்த இடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நான் ஓடிய ஓட்டத்தை எஸ்டேட்டே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஏரிப் பக்கம் ஒரு கடையில் மூலிகைத் தைலம் வாங்கினேன். புட்டியின் மேல் முழங்கால் வரை கூந்தல் விட்ட ஒரு பெண்ணின் படம். விற்றவர் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். நான் இருந்த நேரம் முழுவதும் அதற்குள் விரலைவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்படி ஏழு எண்ணெய். ஒன்று கேட்கவில்லை என்று அடுத்ததை அதன்மேலேயே தடவுவேன். தலையணை உறை அப்பளம் பொரித்த காகிதம் மாதிரி ஆயிற்று.

“ஏனுங்க, தலைக்கு எண்ணெய் வெக்கறீங்களா, இல்ல எண்ணெய்க்குள்ள தலையை வெக்கறீங்களா?” என்றாள் மல்லிகா. “நாளைக்குச் சேலம் போறோம். தோல் டாக்டர்கிட்டப் பேரு குடுத்தாச்சு.”

டாக்டரிடம் ஒரு பொய்

டாக்டர் அம்மா சின்ன விளக்கு வைத்த கண்ணாடியால் என் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். நான் பயிர்ச் சேதம் பார்க்க வந்த அதிகாரி முன்னால் விவசாயிபோல உட்கார்ந்திருந்தேன்.

“என்னென்ன போட்டீங்க?”

சொன்னேன். மிளகில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எண்ணெய் மேல கோபமில்லைங்க. ஆனா உங்களுக்கு இருக்கறது பொடுகு. எல்லாத் தலையிலயும் கொஞ்சம் பூஞ்சை இருக்கும். உங்களுது எண்ணெயும் ஈரமும் கிடைச்சு நொம்பச் செழிப்பா இருக்கு. நீங்களே மூணு வேளை சோறு போட்டு வளர்க்கறீங்க.”

மருந்து ஷாம்பு எழுதிக்கொடுத்தார். வாரம் இரண்டு தடவை. முடியில் நுரை வருவதற்கு இல்லை, தோலில் படவேண்டும். நகத்தால் பிராண்டாமல் விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிஷம் விட்டு, நன்றாக அலசவேண்டும். சரியாகும் வரை எண்ணெய்க்கு லீவு. முட்டை, பயறு, கீரை ஒழுங்காகச் சாப்பிடவேண்டும்.

“போன முடி வருங்களா டாக்டர்?”

“உச்சியில போனது உங்க அப்பா வழியில வந்ததுங்க. அதுக்கு வைத்தியம் தனி. ஆனா நீங்க சொறிஞ்சு சொறிஞ்சு உதிர்க்கறீங்களே, அது நிக்கும். தோல் நல்லா இருந்தாத்தான் இருக்கறது தங்கும்.” அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: “குளிச்சதும் தலையை நல்லாக் காய வைப்பீங்கல்ல?”

“நல்லாக் காய வெச்சிருவனுங்க” என்றேன்.

மல்லிகா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு வாரம் ஷாம்பு போட்டேன். எண்ணெயை நிறுத்தினேன். விரல் நுனியால் வீணை வாசிப்பது மாதிரி தேய்த்தேன். அரிப்பு கொஞ்சம் அடங்கியது, மறுபடி வந்தது. குனிந்தால் மாவு உதிர்ந்தது. அங்கே மாணிக்கம் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பார்த்து “வெல்கம், வெல்கம்” என்று சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டான்.

ரெண்டாம் நாள் கொட்டை

காபிக்கொட்டை காய்வது ஒரு பெரிய சங்கதி. உரித்துக் கழுவிய கொட்டையைக் களத்தில் மெல்லிசாகப் பரப்பவேண்டும். மணிக்கொருதரம் பலகையால் கிளறவேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் நான் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். பல்லுக்கு அது ‘டக்’ என்று பதில் சொன்னால், “காஞ்சிருச்சு, அள்ளலாம்” என்று அறிவிப்பேன். அந்த வார்த்தையை எங்கள் களத்தில் நான் மட்டும்தான் சொல்லலாம். இந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் களத்துக் காபியில் பூசண வாடை என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

களத்து வேலையில் மூத்த கை சரசு. என்னைவிட இரண்டு வயசு சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயசு பெரியது.

மார்கழி பிறந்து சில நாள். பதினோரு மணிக்குத் திடீரென்று மூட்டம் இறங்கியது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மழை வரப்போகிறது என்று பயந்து, சரசுவும் மற்ற பெண்களும் முந்தின நாள் பரப்பிய ஈரக் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார்கள். மழை வரவில்லை. மூட்டம் போனதும் திறக்க மறந்துபோனார்கள்.

எடைபோடுகிற இடத்திலிருந்து நான் சாப்பாட்டுக்குப் பின் வந்து தார்ப்பாயின் மூலையைத் தூக்கினேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது.

“சரசு! எத்தனை தடவை சொல்லியிருக்கறேன், ஈரத்தை மூடாதீங்கன்னு! மூடினா வேர்க்கும். வேர்த்தாப் பூசணம் புடிக்கும். புடிச்ச வாடை அப்பறம் எதைப் போட்டாலும் போகாது!”

கத்திக்கொண்டே என் வலது கை தன்பாட்டுக்குக் குல்லாய்க்குள் போய்ச் சொறிந்துகொண்டிருந்தது.

சரசு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தப்புத்தானுங்க ரைட்டரே. இப்ப என்னங்க பண்ணோணும்?”

“என்ன பண்ணோணுமா? தெறந்து வுடோணும். பரப்பி வுடோணும். காத்துப் படோணும், வெயில் படோணும். கெளறிக் கெளறி வுடோணும்.”

“எப்பங்க மூடறது?”

“காஞ்சப்பறந்தான் மூடறது!”

“சரிங்க.” பலகையைச் சுவரில் சாய்த்தாள். “அந்தக் குல்லாயைச் செத்தக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்க சாமி, சும்மா.”

களத்தில் பலகைச் சத்தம் நின்றுவிட்டது. ஏழெட்டுப் பெண்கள். கழற்றினேன்.

என் தலையிலிருந்து ஆவி எழுந்தது. பொய் இல்லை, அந்தக் குளிரில் எல்லாரும் பார்த்தார்கள். இட்லிக் குண்டானைத் திறந்தது மாதிரி. காலை ஐந்தரைக்கு நனைந்த தலை மத்தியானம் இரண்டு மணிக்கும் ஈரம்.

சரசு அரை முழத் தூரத்தில் நின்று மூக்கை மட்டும் நீட்டி மோந்து பார்த்தாள். பிறகு திரும்பி, நான் அறிவிக்கிற அதே குரலில் அறிவித்தாள்.

“ரெண்டாம் நாள் கொட்டைங்க. மூடி வெச்சுட்டாங்க. பூசணம் புடிச்சிருச்சு!”

அவர்கள் சிரித்த சிரிப்பில் மூட்டம் இன்னொரு தடவை விலகியிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே தலைக்குள் என்னவோ இடிந்து விழுந்தது. இருபது வருஷமாக ஒரு காபிக்கொட்டை நனைந்திருந்தால் மூடவிடாத மனுஷன், தன் தலையைத் தினமும் நனைத்து, எண்ணெய் பூசி, கம்பளியால் கட்டி, மூட்டத்துக்குள் அனுப்பியிருக்கிறேன். டாக்டர் அம்மா கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.

மணிக்கொருதரம்

அன்றிலிருந்து தலைக்குக் குளிப்பது விடியற்காலையில் இல்லை. திங்களும் வியாழனும் வெயில் ஏறியபின் களத்துக் குழாயடியில் ஷாம்பு. ஐந்து நிமிஷத்தைச் சரசு எண்ணுவாள். அலசித் துவட்டிக்கொண்டு களத்து ஓரத்தில் கொட்டையோடு கொட்டையாக உட்காருவேன்.

“ரைட்டரே, கெளறி வுடுங்க!” என்று குரல் வரும். நான் விரலால் முடியைப் பிரித்துவிடுவேன்.

“இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?”

“அஞ்சாம் நாள்!”

“பரவாயில்லீங்க, நெறம் வந்திருச்சு!”

கரடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள் மல்லிகா. தண்ணீர் வந்த நிறத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சீப்பு, தலையணை உறை எல்லாம் சுடுதண்ணீர் பார்த்தன. பருத்தித் துணியில் நாலு குல்லாய் தைத்துக்கொடுத்தாள். ஒன்று நனைந்தால் இன்னொன்று. வெயிலே வராத நாட்களில் மகளின் ஹேர் டிரையர். அதைக் கிட்டே பிடித்துக் காதைச் சுட்டுக்கொண்டது என் சொந்தச் சாதனை.

வழுக்கையில் முளைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வெட்டவெளி இன்றைக்கும் வெட்டவெளிதான். ஆனால் சீப்பில் கொத்தாக வந்தது ஒன்றிரண்டாகக் குறைந்தது. அரிப்பு போயிற்று. நாலைந்து மாதம் கழித்து ஓரங்களில் பொடிப்பொடியாக முடி எட்டிப் பார்த்தது. ஆனால் பொங்கலுக்கு நாலைந்து மாதம் இல்லையே. அரிப்பு போனபோது ஒரு வாரம்தான் இருந்தது.

கறுப்புத் தூள்

பொங்கல் லீவு முதல் நாள். வீட்டுப்பொங்கல் சாப்பிட்ட வயிறோடு ஐந்து குடும்பம் வந்திறங்கியது. மாணிக்கம் தேய்த்த சட்டை போட்டு, துண்டுக் காகிதத்தில் இரண்டு ஜோக் எழுதிவைத்துக்கொண்டு, தயாராக ஓரத்தில் நின்றான். மேடம் கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் களத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நான் குல்லாய் இல்லாமல் வந்திருந்தேன். காது இரண்டும் என்னுடையது என்கிற உணர்வே இல்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு கறுப்புச் சட்டை. வேண்டுமென்றேதான் போட்டேன். உதிர்ந்தால் எல்லாருக்கும் தெரியட்டும், நானே மெஷின் கொட்டாய்க்கு நடந்துவிடலாம்.

தோட்டம் முழுக்கப் பேசினேன். சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் மேஜைக்கு வந்தோம். மேடம் புதிதாக அரைத்த தூளைத் தன் கையாலேயே வெள்ளைத் தட்டில் பரப்பி, என் முன்னால் நகர்த்தினார். கருகருவென்று இருந்தது. ஒரு தூசி விழுந்தாலும் சாட்சி சொல்லும்.

குனிந்தேன்.

வழக்கமாகக் குனிகிற நேரத்துக்கு மேலேயே இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். காபி வாசனை மூக்கில் ஏறியது. இத்தனை காலம் எண்ணெயையும் குல்லாயின் பூசண வாடையையும் தாண்டி என் மூக்குக்கு அது வந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. களத்தில் பலகைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. தட்டில் தூள் மட்டும் இருந்தது.

ஐந்து வரை எண்ணி நிமிர்ந்தேன். மேடம் என் இரண்டு தோளையும் பார்த்தார். பிறகு ஒரு கோப்பையை எடுத்து, முதல் வாயை அவரே குடித்தார். மாணிக்கம் துண்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

களத்து ஓரத்தில், பலகையை ஊன்றிக்கொண்டு, என்னைத் தவிர யாரும் சொல்லக்கூடாத வார்த்தையை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள் சரசு:

“காஞ்சிருச்சுங்க! அள்ளலாமுங்க!”

விருந்தாளிகள் காபிக்கொட்டையைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள். நான் மறுபடியும் ஒரு தடவை குனிந்தேன், இந்த முறை களத்தைப் பார்த்து.